என்னிடம் தோற்றவள் படிக்கப் போனாள்

புது ஊராட்சித் தலைவர்கள் பயிற்சிக்கு வந்திருந்த உங்களில் ஒருத்தி, சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "என்னை எதுத்து நின்னு தோத்தவங்க ஊர்ல என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கறாங்க பெரியம்மா. என்ன செய்யறது?" அப்போது என் வாயில் தயிர்சாதம் இருந்தது. பதில் சொல்லவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதிலும் இல்லை அது. வீட்டுக்கு வந்து யோசித்து இப்போது சொல்கிறேன். அவளுக்கு மட்டுமல்ல, புதிதாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்.

பில் எப்படிப் போடுவது, கம்ப்யூட்டரில் எதை ஏற்றுவது என்பதையெல்லாம் உங்கள் ஊராட்சிச் செயலர் சொல்லித் தருவார். எனக்கு அது அன்றைக்கும் முழுசாகத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், பேப்பரை எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். இதையும் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஆனால் ஐந்து வருஷமும் எங்கள் ஊராட்சியை நான்தான் நடத்தினேன். என் வீட்டுக்காரர் நடத்தவில்லை, என் மகன் நடத்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் கோயில், சுற்றிலும் வயல். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் நான். எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் யார் பக்கத்தில் நிற்பது, யார் யாரைப் பக்கத்தில் விட்டால் சண்டை வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது, "நீயே நில்லு" என்று என்னுடன் நடவு நட்ட பெண்கள்தான் பிடித்துத் தள்ளினார்கள். நின்றேன்.

என்னை எதிர்த்து நின்றவள் தமிழரசி, கீழத்தெரு. என் மகன் வயதுதான் இருக்கும். பத்தாவது முடித்ததும் கல்யாணம் பண்ணிவிட்டார்கள். வீட்டுக்காரர் குவைத்தில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டாவதைத் தனியாக எழுதி, பி.ஏ.வைத் தபாலில் முடித்தவள். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தாள். அதில் ஊருக்கு என்னென்ன செய்யப்போகிறாள் என்று அழகாக அச்சடித்திருந்தது. நான் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஜெயித்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலில் மோதிய இரண்டு வீட்டுக்காரர்களும் அந்த ஐந்து வருஷமும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதில்லை. தோற்றவர் கிராம சபைக்கு வருவதில்லை. கூட்டம் நடக்கிற நாளில் வெளியூரில் ஏதாவது விசேஷம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அதுவரை என்னை "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தமிழரசி, தேர்தலுக்குப் பிறகு "தலைவரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்த "அம்மா"வில் மரியாதையே கிடையாது.

ஆனால் என் முதல் கிராம சபைக்கு அவள் வந்துவிட்டாள். வந்தது மட்டுமில்லை, முன்வரிசையில் உட்கார்ந்தாள். செயலர் எழுதிக் கொடுத்ததை நான் மனப்பாடம் பண்ணி ஒப்பித்து முடித்ததும் கையைத் தூக்கினாள். மைக்செட்காரர் மைக்கை அவளிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் எழுந்து போய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வாய்க்கால் தூர் வாரியாச்சுன்னு படிச்சீங்க. எந்த எடத்துலேர்ந்து எந்த எடம் வரைக்கும் தலைவரம்மா?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் என்னையே பார்க்கிறது. செயலர் கொடுத்த காகிதத்தைப் பிடித்திருந்த என் கை வெடவெடவென்று நடுங்கியது. "செயலர் சொல்வார்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னும் என்ன கேட்டு மானத்தை வாங்கப்போகிறாளோ என்று நின்றேன். அவள், "சரி, கீழத்தெரு லைட்டு எரியல. அதை மட்டும் பாத்துக் குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு அம்மாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். ஓய்வுபெறப் போகிற வயசு, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருப்பார். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி அந்த எடத்துக்கு நீங்க ஒரு நடை போயிட்டு வந்துடுங்கம்மா."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிராம சபைக்கு முன்னாலும் ஊரை ஒரு சுற்று நடந்தே பார்த்துவிடுவேன். தமிழரசி எதைக் கேட்பாள் என்று யோசித்து யோசித்துத்தான் எந்த மோட்டார் ஓடவில்லை, எந்த மதகு அடைத்திருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். வாய்க்கால் கரையில் என்னை யாராவது பார்த்தால், "என்ன தலைவரம்மா, பரிச்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேலி பண்ணுவார்கள். படித்தேன் என்பதுதான் உண்மை.

ஒரு ஐப்பசி மழையில் மேலத்தெருக்காரர்களின் வயல் பூராவும் மூழ்கிவிட்டது. நட்டுக் கொஞ்ச நாளே ஆன பயிர். தண்ணீர் வடிய வேண்டுமானால் ரோட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போகும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் மண்வெட்டியோடு கூட்டம், அந்தப் பக்கமும் மண்வெட்டியோடு கூட்டம். நடுவில் நனைந்துகொண்டு நான். என்ன சொன்னாலும் ஒரு தெரு என்னை விடாது.

தமிழரசிதான் அந்தப் பக்கக் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "வெட்டுங்க. ஆனா எங்க தெரு குழந்தைங்க, வயசானவங்க, ஆடு மாடு எல்லாம் ஸ்கூலுக்குப் போன பின்னாடி வெட்டுங்க. அப்புறம், தலைவரம்மா எங்க தெருவுல வந்து நிக்கணும். தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு அவங்களே பாக்கணும்."

"ஒனக்கு யாரு அந்த அதிகாரம் குடுத்தா? நீ தோத்தவதானே?" என்று ஒருவர் கத்தினார், அவள் தெருக்காரரே. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய்க் கீழத்தெருவில் நின்றேன். முழங்கால் வரை ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. வடிகிறவரை அவளும் என் பக்கத்தில் நின்றாள். பயிர் பிழைத்தது. யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் பதவி முடிய ஒரு வருஷம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் தமிழரசியின் மாமியார் கோவிந்தம்மாள் கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள்.

"ஒரு காரியம் ஆவணும் தலைவரம்மா."

"சொல்லு."

"எம் மருமவ எம்.ஏ. முடிச்சா இல்ல, இப்ப பி.எச்.டி. படிக்கப்போறேன்னு திருச்சியத் தாண்டி ஒரு யுனிவர்சிடிக்கு எழுதிப் போட்டா. அரசியல் படிப்பாம். பரிச்சையில பாஸாயிட்டா. இண்டர்வியூக்குக் கூப்புட்டாச்சு. இப்ப போவமாட்டேங்கறா. வயித்துவலிங்கறா, தலைவலிங்கறா. ஒரு வலியும் இல்ல, பயம். சோறு தண்ணி எறங்கல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீ வந்து போவாதேன்னு சொல்லு."

"என்னாது?"

"நாலு வருசமா பாக்கறேனே. நீ கெழக்குன்னா அவ மேக்கும்பா. நீ போவாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த பஸ்ஸுல ஏறிடுவா."

சிரிப்பு வந்தது. ஆனால் போய்ச் சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "தமிழரசி படிக்கப் போயிட்டா அடுத்த தடவை தலைவரம்மாவுக்குப் போட்டியே கெடையாது. குந்துன எடத்துலேயே ஜெயிச்சுடும்." பொய்யில்லை. அடுத்த தடவை நின்றால் அவளே ஜெயிப்பாள் என்று ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் போய் 'போ' என்றால், எதிராளியை ஊரைவிட்டு அனுப்புகிறேன் என்றாகும். 'போகாதே' என்றால் பொய். சும்மா இருந்தால் ஒரு நல்ல படிப்பு வீணாகிறது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையும் வெறும் வார்த்தை இல்லை. இதில் இவளுக்கு என்ன லாபம் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். போடத்தான் வேண்டும்.

அன்றைக்கே மதியம் போனேன். கூடத்தில் நல்ல புடவை ஒன்றைப் பாயில் விரித்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க தலைவரம்மா. எந்த வாய்க்காலப் பாக்க வந்தீங்க?"

"குடிக்கத் தண்ணி குடு" என்றேன்.

அவள் அசையவில்லை. கோவிந்தம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து தமிழரசி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முழுசும் குடித்தேன்.

"என்ன பயம் ஒனக்கு?"

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு கொட்டினாள். "அங்க வர்றதெல்லாம் சின்னப் பிள்ளைங்க. பெரிய பெரிய காலேஜ்ல நேரா படிச்சதுங்க. நான் தபால்ல படிச்சவ. இத்தனை வருசம் என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. வீட்டுல இருந்தேன்னு சொல்லணும். எலெக்சன்ல நின்னேன்னு சொன்னா, ஜெயிச்சீங்களாம்பாங்க. தோத்தவளுக்கு அரசியலப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்கமாட்டாங்களா?"

"ஜெயிச்சவ நான். எனக்கு என்ன தெரிஞ்சுது? ஒன்கிட்டதானே கத்துக்கிட்டேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிராம சபையில் பார்க்கும் அதே பார்வை. "ஒண்ணு கேக்கறேன். நான் போயிட்டா ஒங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல? அவளிடம் மழுப்பி நான் எப்போதும் தப்பித்ததில்லை. சொம்பைக் கீழே வைத்தேன். அடுத்துச் சொன்னதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வரவில்லை. அந்த இடத்தில், அந்தப் பார்வைக்கு முன்னால், வேறு வழி தெரியவில்லை. "அதனால இதைக் கேட்டுக்க. அடுத்த தடவை நான் நிக்கமாட்டேன். நீ போனாலும் சரி, இங்கேயே இருந்தாலும் சரி, நான் நிக்கமாட்டேன். இப்ப சொல்றேன், ஒனக்கு விருப்பம்னா போ."

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. சுடுகாட்டுப் பாதை பாதியில் நின்றது. ஸ்கூல் கழிப்பறைக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்து, அப்போதுதான் வரும்போல் இருந்தது. இன்னும் ஐந்து வருஷம் கிடைத்தால் முடித்துவிடுவேன் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தேன்.

தமிழரசி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "தலைவரம்மா, நீங்க நிக்கலேன்னா நான் நின்னா ஜெயிச்சுடுவேனே! அப்புறம் எதுக்கு நான் யுனிவர்சிடிக்குப் போவணும்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவளை அனுப்ப வந்தவள், அவள் போகாமல் இருக்க ஊரிலேயே பெரிய காரணத்தை அவள் மடியில் வைத்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கோவிந்தம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "போவாதேன்னு சொல்லச் சொல்லிக் கூட்டியாந்தா, பதவியையே தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்திருக்காளே இந்தப் பொம்பள!"

"நில்லு, ஜெயி. நல்லா செய்வே" என்றேன் தமிழரசியிடம். "ரெண்டுல எது வேணுமோ அதை எடு. பயத்துல ஒண்ணை எடுக்காதே, அவ்வளவுதான்." எழுந்து வந்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் கோவிந்தம்மாள் புண்ணியத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னோடு நடவு நட்ட பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டியா நீ? ஒன்னை நம்பித்தானே வரிசையா போயி ஓட்டுப் போட்டோம்?" நியாயமான கேள்வி. எல்லோரையும் உட்காரச் சொல்லி வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தேன். "இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுக்குள்ள சுடுகாட்டுப் பாதையை முடிச்சுக் குடுக்கறேன். சொன்ன வார்த்தையை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க" என்றேன். திட்டிக்கொண்டேதான் வெற்றிலை போட்டார்கள். ஆனால் போட்டார்கள்.

இண்டர்வியூ நாள் காலையில், அவள் போகிறாளா இல்லையா என்று தெரியாமலே நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனதும் ரயில் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தலைவர் பதவி கெடைக்கும்னு தெரிஞ்ச பெறகுதான் எனக்குப் படிப்பு மேல எவ்வளவு ஆசைன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் தோத்தவ வேற வழியில்லாம எதையோ படிக்கறாங்கற மாதிரியே இருந்துச்சு. இப்ப அது இல்ல."

"பயம் போயிடுச்சா?"

"அது எங்க போவுது? கையைப் பாருங்க."

பார்த்தேன். நடுங்கியது. பிடித்துக்கொண்டேன். "எனக்கும் முதல் கிராம சபையில இப்படித்தான் நடுங்குச்சு. நீகூட பாத்திருப்பே."

"பாத்தேன். அதனாலதான் ரெண்டாவது கேள்வியைச் சின்னதா கேட்டேன்."

நாலு வருஷமாக அந்த லைட்டுக் கேள்வியை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். கேட்க வேறு கேள்வி கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் கர்வப்பட்டிருக்கிறேன். அவள் கையில் இன்னும் கேள்விகள் இருந்திருக்கின்றன. ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோது, என்னை நிற்க விட்டவள் என்னிடம் தோற்றவள். அன்றைக்கு அவள் மேலே கேட்டிருந்தால், அடுத்த கிராம சபையில் மைக்கை என் மகனிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ரயில் வந்தது. ஏறிவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று, அவள் பயந்த அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்களாம். "எலெக்சன்ல நின்னு தோத்தேன்னு சொல்லிட்டேன்" என்றாள். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னே?"

"நான் வீடு வீடா நோட்டீஸ் குடுத்தேன். என்னை எதுத்து நின்னவங்களோட சேந்து ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு சேத்துல எறங்கி நட்டிருக்காங்க, அதான் தோத்தேன்னு சொன்னேன். ஒரு அம்மா சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான். அப்புறம், தோத்த பெறகும் ஏன் கிராம சபைக்குப் போனீங்கன்னாங்க. 'வேற எங்கங்க போறது? அந்த ஊர்லதானே இருக்கேன்'னேன். அதுலேர்ந்து ரொம்ப நேரம் கேட்டாங்க. தோத்த பொம்பளைங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்கன்னு யாராவது பாத்திருக்காங்களான்னு நானே திருப்பிக் கேட்டுட்டேன்."

"அங்கேயும் கை தூக்கிட்டியா?"

"பழக்கமாயிடுச்சு."

சில வாரம் கழித்து இடம் கிடைத்த செய்தி வந்தது. மாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் என் வாசலில் வந்து நின்று, "அத்தை" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. தேர்தலில் தோற்ற பெண்களைப் பற்றித்தான் இப்போது ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் படிக்கிறாள். இதை எழுதித் தருகிறவளும் அவள்தான், லீவுக்கு வந்திருக்கிறாள். ஸ்டேஷன் சமாச்சாரத்தை எழுத வேண்டாம் என்றாள். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

சுடுகாட்டுப் பாதையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். கழிப்பறை முடியவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது. சொன்னபடி நான் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. மேலத்தெருவில் ஒரு பெண் ஜெயித்து வந்திருக்கிறாள், உங்களில் பலரைப்போல இள வயசு.

அந்தப் பெண்ணின் முதல் கிராம சபைக்கு நான் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். தமிழரசியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செயலர் எழுதிக் கொடுத்ததை அந்தப் பெண் படித்தாள். ஸ்கூல் கழிப்பறை வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அதில் வந்தது. காலையில்தான் அந்த வழியாக நடந்து வந்திருந்தேன். ஒரு செங்கல் இல்லை அங்கே.

கையைத் தூக்கினேன். மைக்செட்காரர் வழக்கம்போல் தலைவர் முகத்தைப் பார்த்தார். "பெரியம்மாகிட்ட குடுங்க" என்றது அந்தப் பெண். மைக் என் கைக்கு வந்தது. கேட்டேன். அந்தப் பெண் செயலர் பக்கம் திரும்பினாள், கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னிடம் இன்னும் நாலைந்து கேள்விகள் இருந்தன, எல்லாம் நல்ல கேள்விகள்.

தமிழரசி என் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது அத்தை."

எந்தத் தெருவிலாவது லைட் எரியாமல் இருக்கிறதா என்று யோசித்தேன்.